மொஹாக் டிரெயில் காட்டில் வழிகாட்டியோடு நடக்கப்போகிறவருக்கு

அக்டோபர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியில் இருக்கும் மொஹாக் டிரெயில் மாநில வனத்தில் நடக்கவிருக்கும் குழு நடைக்கு நீங்களும் உங்கள் கணவரும் ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவும் பெயர் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அறிவிப்பில் மாநில வனம் என்றும் தொல்காடு என்றும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்களே, இரண்டும் காடுதானே, இதற்கு வழிகாட்டி எதற்கு, அறுபத்தைந்து வயது அம்மாவால் ஏற முடியுமா என்பவை உங்கள் கேள்விகள். அந்தப் பக்கக் காடுகளில் பல ஆண்டுகளாக நடந்துவருகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அம்மாவைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். காட்டைப் பற்றித் தெரிந்துகொண்டால் அதற்கான பதில் எளிதாகிவிடும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். மிகப் பழைய காட்டை 'முதுகாடு' என்று சொல்லிவிடலாம் என்று தோன்றும். ஆனால் பழந்தமிழில் அது சுடுகாட்டுக்கு உரிய பெயர். ஆகவே தொல்காடு என்றே வைத்துக்கொள்வோம். மரம் வெட்டுதல், உழவு, மேய்ச்சல் ஆகியவற்றால் பெரிதாகக் குலைக்கப்படாமல், தன் போக்கிலேயே மரங்கள் பிறந்து முதிர்ந்து விழுந்து மட்கி மறுபடி முளைக்கும் சுழற்சியைப் பல தலைமுறைகளாகத் தொடர்ந்துவரும் காடு என்பது அதன் பொருள். மாநில வனம் என்பதோ நிலத்தின் உடைமையைக் குறிக்கும் ஆட்சிச் சொல். காட்டின் வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த வேறுபாடு வெறும் சொல்லளவில் நிற்பதல்ல. மாசசூசெட்ஸில் மாநில வனங்களுக்கான ஆணையம் 1914-இல் அமைக்கப்பட்டபோது, அது வாங்கத் தொடங்கியது பெரும்பாலும் வெட்டித் தீர்க்கப்பட்ட, எரிந்துபோன, உழவர்கள் கைவிட்டுச் சென்ற நிலங்களைத்தான். 1915-இல் ஆட்டர் ரிவர் முதல் மாநில வனமாக அமைந்தது; மொஹாக் டிரெயில் வனம் 1921-இல் வந்தது. தரிசை மறுபடி காடாக்குவதும், எதிர்காலத்துக்கு மரம் வளர்ப்பதுமே அன்றைய நோக்கம். இன்றும் மாநில வனம் என்ற பெயர் ஒன்றே வெட்டுக்கு எதிரான பாதுகாப்பு ஆகிவிடாது. மாநில நிலங்களைப் பூங்கா, வனநிலம், காப்பு என்று வகை பிரித்திருக்கிறார்கள், அவற்றுள் வனநிலம் என்ற வகையில் திட்டமிட்ட மரவெட்டு இன்றும் உண்டு. எனவே வழியில் அண்மையில் அறுத்த அடிக்கட்டையைப் பார்த்தால் திருட்டு என்று பதற வேண்டாம்.

மாநிலத்தில் இன்று ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காடு இருக்கிறது. அதில் தொல்காடு என்று ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்டிருப்பவை ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர்தான். அதுவும் சின்னச் சின்னத் துண்டுகளாக, பெரும்பாலும் மேற்கு மலைகளின் செங்குத்துச் சரிவுகளில். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த மாநிலத்தின் பெரும்பகுதி மொட்டையாக இருந்தது என்பதை இன்றைய பசுமையைப் பார்க்கிறவர்கள் நம்ப மறுப்பார்கள். குடியேறிய உழவர்கள் வயலுக்காக வெட்டினார்கள். பிறகு மெரினோ ஆட்டு ரோமத்துக்கு நல்ல விலை கிடைத்தபோது மேய்ச்சலுக்காக வெட்டினார்கள். 1825-இல் ஈரி கால்வாய் திறந்து, அதன் பின்னால் ரயிலும் வந்து, மேற்கின் கல்லில்லாத கரிசல் மண்ணில் விளைந்த தானியம் மலிவாக வந்து இறங்கத் தொடங்கியதும், கல்லோடு போராடிக்கொண்டிருந்தவர்கள் நிலத்தை அப்படியே விட்டுவிட்டு நகரத்துக்கும் மேற்குக்கும் போய்விட்டார்கள். யாரும் நடாமலேயே காடு திரும்பி வந்தது. உங்கள் நடையின் பெரும்பகுதி இந்தத் திரும்பி வந்த காட்டுக்குள்தான் இருக்கும்.

வழிகாட்டி எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில் இருக்கிறது. பாதை தவறாமல் இருக்க என்றால் மரங்களில் பூசியிருக்கும் வண்ணக் குறிகளே போதும். தொல்காடு எங்கே தொடங்குகிறது என்பதற்குத்தான் பலகை கிடையாது. நம் கண்ணோ பெரிய மரத்தைப் பார்த்தால் பழைய மரம் என்று முடிவுகட்டப் பழகியது. இந்த வனத்தில் அந்தப் பழக்கம் நம்மை நேர் எதிர்த்திசையில் கொண்டுபோய்விடும்.

டீர்ஃபீல்ட் ஆற்றை ஒட்டிய சமதளத்தில் வானளாவ நிற்கும் வெள்ளை பைன் தோப்புகளைப் பாருங்கள். பல மரங்கள் 150 அடியைத் தாண்டியவை. ஜேக் ஸ்வாம்ப் என்ற மொஹாக் பூர்வகுடித் தலைவரின் பெயரைத் தாங்கும் ஒரு பைன் 170 அடிக்கு மேல் வளர்ந்து, நியூ இங்கிலாந்து எனப்படும் அமெரிக்க வடகிழக்கு மாநிலங்களில் துல்லியமாக அளக்கப்பட்ட மிக உயரமான மரங்களுள் ஒன்றாக இருக்கிறது. முதல் தடவை அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது, கொலம்பஸ் காலத்து மரமாக இருக்கும் என்றே நானும் நினைத்தேன். உண்மையில் இந்தப் பைன்கள் மேய்ச்சல் நிலம் கைவிடப்பட்ட பிறகு முளைத்தவை. வயது ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுதான். ஆற்றோரத்து நல்ல மண்ணும், பள்ளத்தாக்கின் காற்று மறைப்பும், ஒன்றையொன்று முந்தி வெளிச்சத்துக்கு ஓடிய போட்டியும் சேர்ந்து அவற்றை இவ்வளவு உயர்த்திவிட்டன.

அந்த உயரங்களை அளந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வழிகாட்டி கையில் லேசர் கருவி வைத்திருந்தால் அதைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. பழைய முறையில் மரத்தடி வரையுள்ள தூரத்தை அளந்து, உச்சிக்கான கோணத்தின் டேன்ஜென்ட்டால் பெருக்குவார்கள். மரத்தின் உச்சி அதன் அடிக்கு நேர் மேலே இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. அளப்பவரின் பக்கமாக நீண்டிருக்கும் கிளை ஒன்றை உச்சி என்று எடுத்துக்கொண்டால், இல்லாத உயரம் பல அடி கூடிவிடும். பழைய பதிவுகள் சிலவற்றில் நம்ப முடியாத உயரங்கள் புகுந்தது இப்படித்தான். இப்போது உச்சி வரையுள்ள சாய்வுத் தூரத்தையே லேசரால் அளந்து சைனால் பெருக்குகிறார்கள். இந்த முறையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் ராபர்ட் லெவரெட். மாசசூசெட்ஸில் தொல்காடே மிஞ்சவில்லை என்று பலரும் எண்ணியிருந்த காலத்தில், இந்த மலைச் சரிவுகளில் ஏறித் துண்டு துண்டாக அதை அடையாளம் காட்டியவர்களிலும் அவர் முதன்மையானவர்.

சரி, பைன் தோப்பைத் தாண்டி டாட், கிளார்க் என்ற இரு மலைகளின் பக்கம் ஏறத் தொடங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? முதலில் தரையைப் பாருங்கள். மரத்தைப் பிறகு பார்க்கலாம்.

தாழ்வான பகுதிகளில் காட்டுக்கு நடுவே இடுப்பளவு உயரத்தில் கல் வேலிகள் ஓடும். காட்டுக்குள் யாரும் வேலி கட்டமாட்டார்கள். கட்டிய காலத்தில் அது வெட்டவெளி. வேலியில் பெருங்கற்களோடு கைக்கு அடங்கும் சிறு கற்களும் நிறையக் கிடந்தால் அந்த நிலம் உழப்பட்டது. ஒவ்வொரு குளிர்காலமும் உறைபனி மண்ணுக்குள்ளிருந்து கற்களை மேலே தள்ளும், உழவர் ஒவ்வொரு வசந்தத்திலும் பொறுக்கி வேலியில் போடுவார். பெருங்கற்கள் மட்டும் இருந்தால் அது மேய்ச்சல் நிலமாக இருந்திருக்கும், ஆடு மாடுகளுக்குச் சிறு கல் தடையில்லை அல்லவா. ஒரே அடியிலிருந்து இரண்டு மூன்று தண்டுகள் கிளம்பியிருக்கும் ஓக்கும் மேப்பிளும் முன்பு வெட்டப்பட்டு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்தவை. ஏறிக்கொண்டே போகையில் ஓரிடத்தில் கடைசிக் கல் வேலியைக் கடப்பீர்கள். அதற்கு மேலே உழவருக்கோ இடையருக்கோ வேலையில்லை. அந்தக் கோட்டைக் கடந்ததும் குழு பேச்சை நிறுத்திவிட்டு நடந்தால் நன்றாக இருக்கும் என்பது என் சொந்த விருப்பம், பெரும்பாலும் நடப்பதில்லை.

அடுத்து தரையின் மேடுபள்ளம். பெருமரம் ஒன்று வேரோடு சாயும்போது வேர்த்தட்டு ஒரு குழியைத் தோண்டி மண்ணைத் தூக்கிக்கொண்டு எழும். மரம் மட்கிய பிறகு குழியும் அதன் பக்கத்தில் ஒரு மண்மேடும் மிஞ்சும். ஏர் ஒரு முறை ஓடினால்கூட இந்த மேடுபள்ளம் சமமாகிவிடும். ஆகவே தலையணைகளைப் பரப்பியதுபோல மேடும் குழியுமாக இருக்கும் தரை, அங்கே ஏர் ஓடியதில்லை என்பதற்குச் சாட்சி. பல நூறு ஆண்டுகள்கூட அது அழியாமல் கிடக்கும். 1938 செப்டம்பர் 21 அன்று நியூ இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட சூறாவளியில் காற்று தென்கிழக்கிலிருந்து வீசியதால், அன்று சாய்ந்த மரங்கள் பெரும்பாலும் வடமேற்கு நோக்கி விழுந்தன. குழி எந்தப் பக்கம், மேடு எந்தப் பக்கம் என்று பார்த்து மரம் விழுந்த திசையைச் சொல்ல வழிகாட்டிகள் கற்றுக்கொடுப்பார்கள். பிள்ளைகள் இருக்கும் குழுவில் இது ஒரு விளையாட்டாகவே ஆகிவிடும்.

விழுந்த மரங்கள்தாம் மூன்றாவது அடையாளம். அண்மையில் விழுந்து பட்டை உரியாமல் கிடப்பது, பாசி மூடியது, காலால் தொட்டால் தூளாவது, மண்ணோடு மண்ணாகிக் கோடாக மட்டும் தெரிவது என்று எல்லாப் பருவத்து மரமும் ஒரே இடத்தில் கிடந்தால், அந்தச் சுழற்சி இடையறாமல் நடந்திருக்கிறது என்று பொருள். மட்கும் கட்டையின் முதுகில் விழுந்த மஞ்சள் பிர்ச் விதை அங்கேயே முளைத்து, கட்டையின் இருபுறமும் வேரை இறக்கித் தரையைத் தொடும். பிறகு கட்டை மட்கிப் போனதும் மரம் பொய்க்கால் கட்டிக்கொண்டு நிற்பதைப் போல அந்தரத்தில் வேரூன்றி நிற்கும். வேருக்கு அடியில் இருக்கும் அந்த வெற்றிடம்தான் காணாமல்போன கட்டையின் வடிவம். அதைப் பார்த்ததும் படம் எடுக்கத் தோன்றும், எடுங்கள். வேரின் மேல் பிள்ளைகளை உட்காரவைத்து எடுக்க வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகு மரங்களுக்கு வாருங்கள். செங்குத்தான, பாறை சிதறிய சரிவில் நிற்கும் தொல்காட்டு மரங்கள் பைன் தோப்போடு ஒப்பிட்டால் குட்டையானவை; முறுக்கியவை, உச்சி உடைந்தவை. அறுத்தால் நேரான பலகை கிடைக்காது, அறுத்ததைக் கீழே இறக்கவும் வழியில்லை என்பதால்தான் அவை கோடரிக்குத் தப்பின. வயதைப் பட்டை சொல்லும். இளம் மஞ்சள் பிர்ச்சின் பட்டை பொன்னிறச் சுருள்களாக உரிந்து மினுங்கும். மூத்ததன் பட்டையோ மினுக்கமெல்லாம் போய், கனத்த சாம்பல் தகடுகளாக வெடித்திருக்கும், அதுவும் அதே மரந்தானா என்று சந்தேகமே வரும். கறுப்பு பிர்ச்சும் அப்படித்தான். கீழே முறிந்து கிடக்கும் அதன் சிறு குச்சி கிடைத்தால் கீறி முகர்ந்து பாருங்கள், மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை அடிக்கும். அந்தத் தைலங்களில் இருக்கும் மெத்தில் சாலிசிலேட்தான் இதிலும் இருக்கிறது. அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இந்தச் சரிவுகளின் அரசு ஹெம்லாக்கினுடையது. சாக்ரட்டீஸுக்குக் கொடுத்த ஹெம்லாக் வேறு, அது ஒரு நச்சுச் செடி. இது ஊசியிலை மரம், நஞ்சு இல்லை. நிழலைத் தாங்குவதில் இதற்கு இணை இந்தக் காடுகளில் குறைவு. பெரிய மரங்களின் இருட்டில் விரல் பருமனில் ஒரு ஹெம்லாக் கன்று நின்றால் அதற்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கலாம். மேலே ஒரு மரம் விழுந்து வெளிச்சத்துக்குக் கதவு திறக்கும்வரை அது வளராமலே உயிரை வைத்துக்கொண்டு காத்திருக்கும். இடம் கிடைத்த பிறகு 400 ஆண்டுகள்கூட வாழும். ஆகவே பாதையை விட்டு விலகிக் கால் வைக்க வேண்டாம் என்று வழிகாட்டி சொல்லும்போது, அது சட்டதிட்டத்துக்காகச் சொல்வது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் காலடியில் முறியும் கன்று உங்கள் அம்மாவைவிட மூத்ததாக இருக்கக்கூடும்.

ஹெம்லாக் கிளையைத் திருப்பி ஊசிகளின் அடிப்புறத்தையும் பாருங்கள். பஞ்சுத் துணுக்குகளாக வெள்ளையாக ஒட்டியிருந்தால் அது அடெல்ஜிட் என்ற சாறுறிஞ்சிப் பூச்சியின் உறை. ஜப்பானிலிருந்து வந்த இந்தப் பூச்சியை 1951-இல் வர்ஜீனியாவில் முதலில் கண்டார்கள். அதன் பிறகு அமெரிக்காவின் கிழக்கு மலைகள் நெடுகப் பரவி எண்ணற்ற ஹெம்லாக்குகளைக் கொன்றுவிட்டது. கடுங்குளிர் இந்தப் பூச்சியைக் கொல்லும் என்பதால் மாசசூசெட்ஸின் மேற்கு மலைகளில் அதன் வேகம் குறைவாக இருந்தது. குளிர்காலங்கள் மிதமாகிவரும்போது அந்த அரணும் தளர்கிறது. பீச் மரங்களுக்கும் ஆஷ் மரங்களுக்கும் வேறு நோய்களும் வண்டுகளும் வந்திருக்கின்றன. தொல்காட்டைக் கோடரியிடமிருந்து சட்டம் காக்கலாம், பூச்சியிடமிருந்து காக்க முடிவதில்லை. வெளியூர் விறகை முகாமுக்குக் கொண்டுவராதீர்கள் என்ற எச்சரிக்கையின் காரணமும் இதுதான்.

மண்ணைப் பற்றி ஒரு செய்தி நம் ஊர்க்காரர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். மண்புழு உழவனின் நண்பன் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். பனியுகத்துப் பனிப்பாளங்களுக்குப் பிறகு நியூ இங்கிலாந்தின் காடுகளில் மண்புழுவே இருக்கவில்லை. இப்போது இருப்பவை ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் மனிதரோடு வந்தவை. இலைச்சருகு மெல்ல மெல்ல மட்கி மெத்தைபோல் சேர்வதை நம்பித்தான் இங்கேயுள்ள காட்டுப் பூக்களும் மரக்கன்றுகளும் பழகியிருக்கின்றன. மண்புழு அந்த மெத்தையைத் தின்று தீர்த்துவிடுகிறது. ஆகையால் தூண்டிலுக்குக் கொண்டுவந்த புழுவை மிச்சம் என்று காட்டில் கொட்டுவது இங்கே நல்ல காரியமல்ல. டிரில்லியம் போன்ற சில பூக்களின் விதைகளை எறும்புகள் இழுத்துச் சென்றுதான் பரப்புகின்றன. எறும்பின் வேகத்தில் பரவுவதால், ஒருமுறை உழப்பட்ட நிலத்துக்கு அவை திரும்பி வர நெடுங்காலம் ஆகும். அக்டோபரில் அந்தப் பூக்கள் இருக்காது. மே மாதத்தில் மறுபடி போனால் கல் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தரை எப்படி மாறுகிறது என்று பார்க்கலாம்.

இனி ஏற்பாடுகள். பருத்தி நம் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கையை அன்று ஒருநாள் ஒதுக்கிவையுங்கள். நனைந்த பருத்தி காய்வதில்லை, உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நான் என் முதல் இலையுதிர்கால நடையில் ஜீன்ஸ் அணிந்து போய், வியர்வையிலும் தூறலிலும் நனைந்து, மதிய உணவுக்கு உட்கார்ந்த பத்தாவது நிமிடம் பல் கிட்டிப்போனவன். உடலை ஒட்டிச் செயற்கை இழை அல்லது கம்பளி நூல் உடுப்பு, அதன் மேல் ஒரு கதகதப்பான உடுப்பு, அதற்கும் மேல் மழை தாங்கும் சட்டை என்று அடுக்கிக்கொள்ளுங்கள். கணுக்காலைப் பிடிக்கும் காலணி வேண்டும், ஏனென்றால் உதிர்ந்த இலைகள் அந்த மாதத்தில் கல்லையும் வேரையும் மூடிவிடும்; வண்ணக்கோலமாகத் தெரியும் பாதைதான் மிக வழுக்கும் பாதை. புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போகலாம், ஆனால் ஆரஞ்சுத் தோல் உட்பட எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வர வேண்டும். பள்ளத்தாக்கில் கைபேசி அலை கிடைக்காத இடங்கள் உண்டு, ஆகவே சந்திக்கும் இடத்துக்கான வழியை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்டனிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம் என்று கணக்கு வையுங்கள்.

மான் வேட்டைப் பருவமும் அந்தக் காலத்தில்தான் தொடங்கும். மாசசூசெட்ஸில் ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு நெடுங்காலமாகத் தடை இருப்பதால் நடைகளை அன்றைக்கு வைப்பது வழக்கம். இருந்தாலும் ஆரஞ்சு நிறத் தொப்பி ஒன்று இருக்கட்டும்.

குழுவில் முன்னால் வழிகாட்டியும் கடைசியில் இன்னொருவரும் வருவார்கள். கடைசியில் வருபவருக்குப் பின்னால் யாரும் தங்கக் கூடாது, வழிகாட்டியை யாரும் முந்தவும் கூடாது. இயற்கைக் கடன் கழிக்க ஒதுங்குவதாக இருந்தால் பையைப் பாதையோரம் வைத்துவிட்டு, கடைசி ஆளிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். தொல்காட்டின் பெருமரங்களை வட்டமாகச் சூழ்ந்து நிற்பதையும் கட்டிப்பிடிப்பதையும் வழிகாட்டிகள் விரும்புவதில்லை. இருபது பேர் மரத்தடியில் நின்றால் மேலோட்டமான வேர்களின் மேல் மண் இறுகும். ஆண்டுக்குப் பல குழுக்கள் வந்தால் மரமே நலிந்துபோகும். பெயர் பெற்ற மரங்கள் சரியாக எங்கே நிற்கின்றன என்பதை வெளிப்படையாக எழுதுவதில்லை என்ற கட்டுப்பாடும் அதனால்தான். நீங்களும் படம் போடும்போது இடக்குறிப்பை நீக்கிவிட்டுப் போடுங்கள்.

உண்ணியை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். லைம் நோயைப் பரப்பும் மான் உண்ணியின் முதிர்ந்த பருவம் அக்டோபர், நவம்பரில் ஓய்வதில்லை. குளிர் வந்துவிட்டதே என்று நினைப்பவர்கள்தாம் ஏமாறுகிறார்கள். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள், வீடு திரும்பியதும் இரண்டு மணி நேரத்துக்குள் குளியுங்கள், முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்பு, தலைமுடி ஓரம் எல்லாவற்றையும் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் கூர்முனைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுக்க வேண்டும். நெருப்போ எண்ணெயோ வைக்கக் கூடாது. பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால், அன்று இரவே பார்த்துவிட்டால் பெரும்பாலும் ஆபத்தில்லை. பிறகு சில வாரங்களுக்குள் படரும் சிவப்புத் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் உண்ணியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இப்போது அம்மா. டாட் மலைப் பக்கம் ஏறும் பழைய பூர்வகுடிப் பாதை குறுகலானது, செங்குத்தானது. ஏறுவதைவிட இலை மூடிய அந்தச் சரிவில் இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஊரில் நாள்தோறும் நடப்பவராக இருந்தாலும், முழங்கால் வலி இருக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், தொல்காட்டுச் சரிவுக்கு அவர்களை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. நடை தொடங்கும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிட்டு, உங்களில் ஒருவர் அம்மாவோடு ஆற்றோரத்தில் தங்கிவிடலாம். அங்கே புல்வெளியும் பைன் தோப்புகளும் சமதளத்தில் இருக்கின்றன. 1930-களில் கட்டிய மரக் குடில்களும் அந்தப் பக்கத்தில் உண்டு. வயதில் அந்தப் பைன்கள் இளையவை என்றாலும் பார்ப்பதற்கு அவைதான் பெரியவை. பிரிட்டிஷ் அரசர் தம் கப்பற்படையின் பாய்மரத்துக்கென்று அம்புக்குறி வெட்டி ஒதுக்கிவைத்ததும், மொஹாக்குகளும் அடங்கிய பூர்வகுடிக் கூட்டமைப்பான ஹோடெனோஷோனி மக்கள் போர்க்கருவிகளை வேரடியில் புதைத்த அமைதி மரமாகப் போற்றியதும் இந்த இனத்தைத்தான். உதிர்ந்த ஊசிக்கொத்து ஒன்றை அம்மா கையில் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு கொத்தில் ஐந்து ஊசி இருக்கும். மொஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயுகா, செனகா என்ற ஐந்து இனங்களும் சேர்ந்து செய்துகொண்ட உடன்பாட்டுக்கு அந்த ஐந்தைத்தான் அடையாளமாகக் காட்டுவார்கள்.